நாற்பத்திரண்டு கூண்டுகள்

ஜூன் மாதத்திலும் மிஷன் மலையின் முதுகில்
அங்கங்கே பனி, உரித்துப் போட்ட சட்டையாய்.
கயிறும் கொக்கியும் இடுப்பில் மாட்டி
ட்வைலா பிஷெட் ஏறுகிறாள்.
கீழிருந்து லெஸ்டர் கம்பிவலைக் கூண்டுகளைக்
கட்டிக் கட்டி அனுப்புகிறான்.
கொண்டுவந்தவை நாற்பத்திரண்டு.

வெண்பட்டைப் பைன்.
காற்று எந்தப் பக்கம் தள்ளியதோ
அந்தப் பக்கமே வளர்ந்த உடம்பு.
உச்சிக் கிளைகளில் கத்தரிக்காய் நிறத்தில்
பிசின் கசியும் கூம்புகள்.
கொத்துக்கு ஒரு கூண்டு.
யாருக்குப் பயந்து?
அதோ, எதிர்மரத்து நுனியில் உட்கார்ந்து
தகரம் கிழிவதுபோல் வைகிறதே,
அதற்கு.

கிளார்க் கொட்டையுடைப்பான் என்று பெயர்.
சாம்பல் மேனி, கறுத்த சிறகு,
ஆணி அடிக்கிறவனின் நிதானம்.
நாவின் அடியில் ஒரு பை.
அது நிறைய விதை வாரிக்கொண்டுபோய்
மூன்று நான்காய், ஒரு விரற்கணு ஆழத்தில்,
மலையெங்கும் புதைத்துவைக்கும்.
பனி மூடிய பிறகும் இடம் மறக்காமல் வந்து தோண்டும்.
தோண்டாமல் விட்டது மரமாகும்.
ட்வைலா ஏறும் மரமே அப்படித்தான்:
ஒரே அடியில் நாலு தண்டு.
எடுத்துவைத்து, உண்ண வராமல் போன
ஒரு வேளைச் சோறு.

இந்த மரம் தன் கூம்பைத் தானாகத் திறக்காது.
காற்று கேட்டாலும் கொடுக்காது.
வீட்டைப் பூட்டிச் சாவியை ஓர் அலகிடம் தந்துவிட்டு
வாசலிலேயே நிற்கிறது முந்நூறு வருஷம்.
அலகுக்கோ வேறு வீடுகளும் உண்டு.
டக்ளஸ் ஃபிர், பொண்டரோசா,
பள்ளத்தாக்கைத் தாண்டினால் இன்னொரு மலை.
விளைச்சல் சுருங்கிய ஆண்டில்
சொல்லிக்கொள்ளாமல் போய்விடும்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
பறவை: தீவாய்ப்பு கவலை குறைந்த இனம்.
மரம்: அருகிய இனம்.
இதைத் தமிழில் எழுதும்போது மட்டும்
எனக்கு ஒரு தடுமாற்றம்.
அருகிய என்றால் குறைந்துபோன.
கை ஏனோ
அருகில் என்று எழுதப் போகிறது.

கப்பலில் வந்த நாற்றுகளோடு வந்து இறங்கியது
கொப்புளத் துரு.
குளிர் போதாத குளிர்காலங்களில்
சாகாமல் பிழைத்துக்கொண்டது பட்டை வண்டு.
இந்தச் சரிவில் நிற்பவற்றில் பாதி
நிற்கின்றன, அவ்வளவுதான்.
பட்டை உதிர்ந்து, எலும்பு வெளுத்து,
விழக்கூட மனமில்லாமல்.
நடுவில் இது ஒன்று பச்சை.
ஏன் பிழைத்தது என்று யாருக்கும் தெரியாது.
விதைக்குத் தெரியலாம்.
அதற்குத்தான் கூண்டு, அதற்குத்தான் கயிறு,
பண்ணையில் முளைக்கவைத்து, துருவைத் தூவி,
எது சாகவில்லை என்று ஏழெட்டு ஆண்டு பார்ப்பது.

"பறவை நட்டுக்கொண்டிருந்ததைப்
பறவையிடம் ஒளித்து நாம் நடுகிறோம்"
என்று கீழிருந்து கத்துகிறான் லெஸ்டர்.
அவள் சிரிக்கவில்லை. வாயில் கம்பி.
அவளுக்கு நாற்பத்தொரு வயது.
இன்று நட்டால் கூம்பு பிடிக்க முப்பதாண்டு;
கூண்டு போடுமளவுக்குப் பிடிக்க அறுபது.
கணக்கு அவளுக்குத் தெரியும்.
அடுத்த கிளைக்குக் கால் மாற்றுகிறாள்.

கூண்டுகள் தீர்ந்தன.
கைக்கு எட்டுகிற தூரத்தில் இன்னும் ஒரு கொத்து.
பையில் மிச்சக் கம்பிவலை இருந்தது,
வளைத்துக் கட்டியிருக்கலாம்.
"முடிந்ததா?" என்றான் லெஸ்டர்.
"முடிந்தது" என்றாள்.

செப்டம்பரில் நாற்பத்திரண்டையும் இறக்கினார்கள்.
ஒன்றில் மட்டும் அணில் பல் பட்டிருந்தது.
நாற்பத்து மூன்றாவதில்
செதில் செதிலாய்ப் பிய்த்த சக்கை.
கடைசி விதைகளோடு அது கிளம்பியபோது
ட்வைலா மரத்தின் மேல்தான் இருந்தாள்.
கழுத்துப் புடைக்க, கொஞ்சம் தாழ்வாக,
போன வருஷம் தீப்பிடித்த கிழக்குச் சரிவுப் பக்கம்.
திசை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.
கையுறையின் முதுகில் பேனாவால்
ஓர் அம்புக்குறி போட்டுக்கொண்டு
இறங்கினாள்.